டிஸ்ப்ளே போச்சா? பேனல் வாங்குவதற்கு முன்னால்

தருவைகுளத்தில் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் எப்படியும் ஒரு லேப்டாப் இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது, மூடியில் அரசு முத்திரையோடு தம்பி கைக்கு வந்திருக்கும். இல்லையென்றால் அப்பா கடலுக்குப் போய் வந்த பங்குக் காசில் மிச்சம் பிடித்துத் தவணையில் வாங்கியதாக இருக்கும். எப்படி வந்தாலும் அது வீட்டுக்குப் பெரிய பொருள். அதில் பேட்டரி கெட்டால் சார்ஜரைச் சொருகியே ஓட்டிவிடலாம். டிஸ்ப்ளே போனால்தான் வீடே கலங்குகிறது. அன்றைக்கே பஸ் ஏறித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறார்கள். "பேனல் போச்சு" என்ற பதிலோடு, ஆயிரங்களில் ஒரு தொகையைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

எனக்கு இதில் ஒரு உறுதியான கருத்து உண்டு. நம் கடலோரத்தில் பேனல் போய்விட்டதாகச் சொல்லப்படும் லேப்டாப்கள் பலவற்றில் பேனல் நன்றாகவே இருக்கிறது. கோளாறு அதற்குப் போகிற கேபிளில், கேபிள் சொருகியிருக்கிற கனெக்டரில், சில நேரம் வெறும் செட்டிங்கில் இருக்கிறது. கேபிளின் விலை நூறுகளில். பேனலின் விலை ஆயிரங்களில். எது கெட்டது என்று வீட்டிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதன் பிறகுதான் கடையா, கம்பெனி சர்வீஸ் சென்டரா, நாமே மாற்றுவதா, டிவியில் மாட்டி ஓட்டுவதா என்ற தேர்வுக்கே அர்த்தம் வருகிறது.

கேபிள் ஏன் கெடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். உப்பு காற்றிலேயே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் அடிக்கிற இரவுகளில் நம் வீட்டுக்குள் அந்த அளவு சர்வ சாதாரணம். லேப்டாப்பின் விசிறி அறைக் காற்றை உள்ளே இழுத்துத்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. காற்றோடு உப்பும் உள்ளே போகிறது.

திரைக்குப் போகிற கேபிளின் முனையில் முப்பது அல்லது நாற்பது பின்கள் வரிசையாக இருக்கும். இரண்டு பின்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. அவற்றில் சில பின்கள் திரையின் பின்னொளிக்கு மின்சாரம் கொண்டுபோகின்றன. அது பேட்டரி அல்லது சார்ஜரின் முழு மின்னழுத்தம், பத்து வோல்ட்டுக்கு மேல் இருபது வோல்ட் வரைகூட இருக்கும். ஈர உப்பும் அந்த மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரிக்காமல் என்ன செய்யும்?

கடற்கரையைப் பார்த்த ஜன்னல் திண்டில் வைத்துப் படிக்கிற ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப் என்னிடம் வந்தது. "அண்ணே, ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. காலையில தொறந்தா ஒரே கறுப்பு. லைட்டு மட்டும் எரியுது" என்றாள். ஒரு கடையில் பேனல் மாற்றச் சொல்லியிருந்தார்கள். திறந்து, கேபிள் முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஓரத்துப் பின்கள் நாலைந்தின் மேல் பாசி படிந்த மாதிரி பச்சைப் பூப்பு. அதற்கு அடுத்த பின்கள் பளபளவென்று பொன் நிறத்தில் இருந்தன. துடைத்து, காயவைத்து, மறுபடி சொருகினேன். படம் வந்துவிட்டது. எல்லா லேப்டாப்பும் இப்படிப் பிழைக்காது. ஆனால் கேபிளைத் திறந்து பார்க்காமலே பேனல் என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

இனி வீட்டில் செய்யும் சோதனைகள். எதற்கும் ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.

முதலில் தேங்கிய மின்சாரத்தை வடிப்பது. சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றுகிற வகையாக இருந்தால் அதையும் எடுங்கள். யூஎஸ்பி, பென்டிரைவ் எல்லாவற்றையும் உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் சொருகி ஆன் செய்யுங்கள். கரண்டு போய் வந்த பிறகு உயிர் விட்ட மாதிரி கிடக்கிற லேப்டாப் சில இதிலேயே எழுந்துவிடும்.

எழவில்லையா? கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு தட்டத் தட்ட எரிந்து அணைந்தால் உள்ளே விண்டோஸ் ஓடுகிறது, படம் மட்டும்தான் வரவில்லை என்று கொள்ளலாம். அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். அது கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். தட்டினாலும் விளக்கு அசையவில்லை, அல்லது விளக்கு தானாக ஒரு கணக்கில் சிமிட்டுகிறது, பீப் சத்தம் வருகிறது என்றால் கோளாறு திரைக்கு அப்பால், ரேமிலோ போர்டிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட லேப்டாப்புக்குப் பேனல் வாங்குவது வீண்.

அடுத்து டார்ச். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக டெஸ்க்டாப் படம், ஐகான்கள் நிழல் மாதிரி தெரிகிறதா? அப்படியென்றால் படம் வருகிறது, பின்னொளி மட்டும் இல்லை. பின்னொளி போவதற்குக் காரணம் மூன்று: கேபிளில் அந்த மின்சாரப் பின்கள் அரித்திருக்கும், போர்டில் அதற்கான சிறு ஃபியூஸ் போயிருக்கும், அல்லது பேனலுக்குள் எல்இடி வரிசை எரியாது. மூன்றில் ஒன்றுக்குத்தான் புதுப் பேனல் தேவை என்பதைக் கவனியுங்கள்.

நான் மிகவும் நம்புகிற சோதனை டிவி. வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ துளை இருக்கும். செட்டாப் பாக்ஸுக்குப் போகிற அதே கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் சொருகினால் போதும். படம் தானாக வராவிட்டால் விண்டோஸ் பட்டனை அழுத்தியபடி பி-யை (P) ஒருமுறை தட்டி, ஒரு நொடி பொறுத்து என்டர் கொடுங்கள். வரும்வரை பி-யின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் போர்டும் கிராஃபிக்ஸும் பெரும்பாலும் நலம். நோய் மூடிக்குள்தான்; பின்னொளி மட்டும் இல்லையென்றால் போர்டில் உள்ள அந்தச் சிறு ஃபியூஸையும் சந்தேகியுங்கள். லேப்டாப்பில் தெரிகிற அதே கோடும் நடுக்கமும் டிவியிலும் தெரிந்தால், நோய் போர்டிலோ டிரைவரிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை செய்யாமல் யாரும் பஸ் ஏற வேண்டாம்.

டிவியிலும் கோளாறு தெரிந்தால் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். ஆன் செய்த கணமே டெல், ஏசர், பெரும்பாலான லெனோவோவில் எஃப்2, எச்பியில் எஃப்10. விண்டோஸ் வருவதற்கு முந்தைய அந்தத் திரையில் படம் சுத்தமாக நின்றால் குற்றவாளி மென்பொருள். டெல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. லேப்டாப் ஆஃபாக இருக்கும்போது டி (D) எழுத்தை அழுத்திக்கொண்டு பவர் பட்டனைத் தட்டினால், திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக மாறிக் காட்டும். அந்த நிறங்கள் கோடில்லாமல் வந்தால் பேனலைப் பழிக்க வேண்டாம்.

திரை நடுங்குவது தனி ரகம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மற்றதெல்லாம் நடுங்க, டாஸ்க் மேனேஜர் மட்டும் நடுங்காமல் நின்றால் ஏதோ ஒரு செயலிதான் காரணம். அதுவும் சேர்ந்து நடுங்கினால் டிஸ்ப்ளே டிரைவரைப் பாருங்கள். சமீபத்தில் அப்டேட் ஆகியிருந்தால் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள்.

கடைசியாக மூடி. படம் ஓடும்போது மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் படம் வருகிறது, இன்னொரு கோணத்தில் போகிறது, கோடுகள் இடம் மாறுகின்றன என்றால் அது கீல் வழியாகப் போகிற கேபிள்தான். திரை முழுக்க வெள்ளையாக நிற்பதிலும் என் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான்: வெளிச்சம் போகிறது, படத்துக்கான செய்தி போகவில்லை. மாறாக, எந்தக் கோணத்திலும் அசையாத கூரான ஒரு நெட்டுக் கோடு, அல்லது கீழ் விளிம்பை லேசாக அழுத்தினால் மட்டும் மறைகிற கோடு என்றால் பேனலின் விளிம்பு ஒட்டு விட்டிருக்கிறது. மை கொட்டிய மாதிரி கறுப்புப் பரவினால் கண்ணாடி உடைந்திருக்கிறது. இவை இரண்டுக்கும் புதுப் பேனலைத் தவிர வழியில்லை. பேரம் பேசுவதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். மூடியை மூடியிருப்பதாக லேப்டாப் தெரிந்துகொள்வது பெரும்பாலும் ஒரு காந்தத்தால். கை வைக்கிற இடத்தில் காந்தம் வைத்த செல்போன் கவரோ காந்தப் பூட்டுள்ள காப்போ இருந்தால் திரை அணைந்துவிடும். அதை எடுத்து வைத்துவிட்டுப் பாருங்கள்.

இப்போது தேர்வுக்கு வருவோம்.

வாரன்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். வீட்டில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாதீர்கள். வெளிக் கடையிலும் கொடுக்காதீர்கள். உடைந்த கண்ணாடிக்கும் தண்ணீர் பட்டதற்கும் சாதாரண வாரன்டி பொருந்தாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் வரும். உள்ளே பச்சைப் பூப்பைப் பார்த்துவிட்டுத் "தண்ணி கொட்டிட்டீங்க" என்று சொல்லக்கூடும். கொட்டவில்லை என்றால் கொட்டவில்லை என்று எழுத்தில் கொடுங்கள்; அவர்கள் மறுப்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பிள்ளையின் லேப்டாப்புக்காக வழக்கா என்று தயங்காதீர்கள். நுகர்வோர் சட்டம் நமக்காகத்தான் இருக்கிறது.

வாரன்டி முடிந்தபின் சர்வீஸ் சென்டரை நான் பரிந்துரைப்பதில்லை. உதிரிபாகம் கம்பெனியுடையது என்ற நிம்மதி உண்டு. ஆனால் விலை கடையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். கனெக்டரைத் துடைத்துப் பார்க்கிற பொறுமை அங்கே இருக்காது, பாகத்தையே மாற்றுவார்கள். விளிம்பே இல்லாத ஒட்டுக் கண்ணாடித் திரை, தொடுதிரை, ஓஎல்இடி திரை ஆகியவற்றுக்கு மட்டும் அங்கே போகலாம். அவற்றைப் பிரிக்கிற வேலையில் சின்னக் கடைகளில் உடைந்துபோகிற அபாயம் அதிகம்.

மற்ற எல்லாவற்றுக்கும் என் தேர்வு தூத்துக்குடிக் கடை. நல்ல கடையா என்பதைப் போர்டு பார்த்து முடிவு செய்யாதீர்கள்; அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். "டிவியில போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்கிறவர் நல்ல ஆள். உங்கள் கண் முன்னால் வேறொரு பேனலையோ கேபிளையோ மாட்டிக் காட்டுகிறவர் அதைவிட நல்ல ஆள். லேப்டாப்பை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் கோப்புகளை முதலில் பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள். படம் வராததால் முடியாது என்று நினைக்க வேண்டாம், டிவியில் மாட்டி ஏற்றலாம். சீரியல் எண், ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று எழுதி, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

பேனல்தான் மாற்ற வேண்டும் என்று உறுதியானால் பழைய பேனலின் முதுகைப் பாருங்கள். பி156, என்156, எல்பி156, என்வி156 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் ஒட்டியிருக்கும். 156 என்றால் 15.6 அங்குலம், 140 என்றால் 14 அங்குலம். புதியதும் அதே அளவு, அதே ரெசல்யூஷன், அதே பின் எண்ணிக்கை, ஸ்குரூ மாட்டுகிற காது உள்ளதா இல்லாததா என்று எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 1920க்கு 1080 இருந்த இடத்தில் 1366க்கு 768 மாட்டிக் கொடுத்தால் எழுத்து கரகரவென்று தெரியும். முதல் நாள் சந்தோஷத்தில் கவனிக்க மாட்டோம், படிக்கிற பிள்ளையின் கண்தான் வலிக்கும். காசு கொடுப்பதற்கு முன் முழு வெள்ளைத் திரை, முழுக் கறுப்புத் திரை இரண்டையும் போட்டுப் புள்ளி ஏதும் செத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பேனலைக் கேட்டு வாங்குங்கள். கேரன்டியை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நாமே மாற்றுவது பற்றி. கை நிதானம் உள்ளவர்களுக்கு இது முடியாத வேலை அல்ல. திரையைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம் கிளிப்பில் மாட்டியிருக்கிற பழைய வகை என்றால் தாராளமாக இறங்கலாம். ஆனால் ஒரு விதியைக் கல்லில் எழுதிக்கொள்ளுங்கள்: உள் பேட்டரியின் இணைப்பைக் கழற்றாமல் டிஸ்ப்ளே கேபிளைத் தொடக் கூடாது. ஆஃபில் இருந்தாலும் மின்சாரம் அங்கே நிற்கக்கூடும். கேபிள் கோணலாக உரசினால் போர்டில் உள்ள பின்னொளி ஃபியூஸ் போய்விடும். நூறு ரூபாய்க் கோளாறு ஆயிரங்களில் போய் நிற்கும். பழைய ஏடிஎம் கார்டால் சட்டத்தை விளிம்பு விளிம்பாக விடுவித்து, பேனலைக் கீபோர்டின் மேல் விரித்த துணியில் குப்புறச் சாய்த்து, கனெக்டர் மேலுள்ள டேப்பைத் தூக்கி, பூட்டுக் கம்பி இருந்தால் அதை விடுவித்து, நேராக இழுக்க வேண்டும். புதிய வகைகளில் ஸ்குரூ இருக்காது. பேனலின் கீழே இழுவை டேப் இருக்கும். அதைப் பக்கவாட்டில் வேகமாக இழுத்தால் அறுந்துவிடும், பிறகு பேனல் வளையாமல் வெளியே வராது.

துடைப்பதற்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மென்மையான பழைய பல் துலக்கி, அரை மணி நேர உலர்த்தல் போதும். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், வேண்டாம். பிளேடால் சுரண்ட வேண்டாம், பின்னின் பொன் முலாம் போய்விடும். போட்டில் இன்ஜின் வயருக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை ஒருபோதும் அடிக்காதீர்கள். அது பேனலின் அடுக்குகளுக்குள் ஊர்ந்து போய் நிரந்தரக் கறையாக நிற்கும். பேனலை ஆன்லைனில் வாங்குவது கொஞ்சம் மலிவுதான். ஆனால் வழியில் உடைந்து வந்தாலோ பின் எண்ணிக்கை மாறி வந்தாலோ திருப்பி அனுப்பி மல்லாட வேண்டும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, கையில் காசும் இல்லை என்றால் டிவியே போதும். இது தோல்வி இல்லை, சரியான தேர்வு. கடலில் அப்பா தங்கல் போய்த் திரும்புகிற வரை அப்படியே ஓட்டலாம். 2011 காலத்துப் பழைய லேப்டாப்புக்கு இதுவே நிரந்தர ஏற்பாடாகவும் இருக்கலாம். என் கணக்கு இது: அந்த லேப்டாப்பைப் பழையதாக விற்றால் என்ன கிடைக்குமோ, அதில் பாதிக்கு மேல் பேனலுக்குக் கேட்டால் மாற்ற வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பழைய டெஸ்க்டாப் மானிட்டர் ஒன்றைப் பார்த்து வாங்கினால், நாளை புது லேப்டாப் வந்தாலும் அது உதவும்.

வெள்ளத்தில் நனைந்தது என்றால் கதையே வேறு. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை நம் மாவட்டம் மறக்காது. அப்படி நனைந்த லேப்டாப் காய்ந்ததும் ஓடும். ஆனால் உள்ளே தங்கிய உப்பும் சேறும் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் புதுப் பேனல் போடுவதற்கு முன் போர்டைத் திறந்து கழுவிப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேனலோடு அடுத்த செலவும் காத்திருக்கிறது.

கழித்த பேனலையும் பேட்டரியையும் கடற்கரையில் போட்டு எரிக்க வேண்டாம். மிகப் பழைய லேப்டாப் திரைகளின் பின்னொளிக் குழாயில் பாதரசம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி கழித்த பேனலை மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு தயாரித்த கம்பெனிக்கு உண்டு. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

பிழைத்த லேப்டாப்பை ஜன்னல் திண்டிலிருந்து எடுத்து உள் அறையில் வையுங்கள். வேலை முடிந்ததும் மூடி, பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வையுங்கள். விடுமுறையிலும் வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்தச் சூட்டில் உள் ஈரம் வற்றும். மூடியை மூலையைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இயர்போனைக் கீபோர்டின் மேல் வைத்தபடி மூடி உடைந்த திரைகள் ஏராளம்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், டிவியில் படம் வந்ததைச் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பேனல் போச்சு என்று சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணாச்சி, கேபிள மாத்திப் பாத்தீங்களா?" பார்த்துவிட்டேன் என்று காட்டுகிறவரிடம் நம்பிக் கொடுங்கள். பார்க்காமலே விலை சொல்கிறவரிடமிருந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.